மணக்காத தேக்கு

எனக்கு முதலில் வந்தது காய்ச்சல் இல்லை, கோபம். மரக்கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற கோபம்.

இரண்டாம் அலையின் ஊரடங்கு. காஞ்சிபுரத்தில் கோயில்கள் நடை சாத்திக் கிடந்தன, தெருவில் தறிச் சத்தம் இல்லை. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையான நான் வீட்டிலிருந்தபடி கைபேசியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைபேசியைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது. யாரோ இடித்த பழைய வீட்டின் நிலைக்கால் தேக்கில் ஒரு துண்டு முன்பே வாங்கி வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை மொட்டைமாடிக் கொட்டகையில் அதை எடுத்து இழைப்புளி போட்டேன். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. வாசனை மட்டும் வரவில்லை.

மரவேலை பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தேக்கு எத்தனை வருடப் பழசானாலும் மேல்தோலைச் சீவியதும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மணம் எழும்பும். அது வராவிட்டால் தேக்கு இல்லை. கடைக்காரருக்கு உடனே போன் போட்டேன்.

"அசல் தேக்கும்மா, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார்.

"புள்ளைங்கள ஏன்பா இழுக்கற, மரத்தைப் பத்திப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வகுப்பில் கத்திக் கத்தி வளர்ந்த குரல். அவர் பாவம்.

லேசாக இருமலும் இருந்தது. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உப்புத்தாள் தேய்க்கிற எல்லோருக்கும் இருமல் இருக்கும். எங்களுக்குள் அதற்குத் தூள் இருமல் என்றே பெயர்.

எங்களுக்குள் என்றால், நாங்கள் ஏழு பேர். பொழுதுபோக்குக்காக மரவேலை செய்கிறவர்கள். ஒரு பல் மருத்துவர், ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பெண் நான் ஒருத்திதான். ஞாயிறுதோறும் ரஹீம் பாய் வீட்டுக் கொல்லைப்புற ஷெட்டில் கூடுவோம். ஊரடங்கில் அது நின்றுபோய், அவரவர் வீட்டில் செய்வதைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தோம். ஸ்டூல், சாவி மாட்டும் பலகை, பேரப் பிள்ளைக்கு நடைவண்டி. குழுவில் ஒரே ஒரு விதி இருந்தது. செய்து முடித்த பொருளின் படத்தோடு, அதில் செய்த தப்பின் படத்தையும் போட வேண்டும். விலகிய மூட்டு, பிளந்த முனை, எதுவானாலும் சரி. தப்பைக் காட்டாத பொருளை யாரும் பாராட்ட மாட்டோம். அந்த விதியைக் கொண்டுவந்தவர் ரஹீம் பாய்.

பாய்க்கு ஜரிகை வியாபாரம். ஐம்பத்திரண்டு வயது. எங்கள் குழுவுக்கு மூக்கு அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு, சீவிய மரத்தை முகர்ந்தே பெயர் சொல்லிவிடுவார். எனவே நான் அவரிடம் முறையிட்டேன். "நாளைக்கு காய் வாங்க வருவேன் டீச்சர், அப்டியே பாத்துட்டுப் போறேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தார். கேட்டுக்கு வெளியே அவர், உள்ளே நான். மரத்தைக் கையில் கொடுத்தேன். அவர் முகக்கவசத்தை இறக்கினார். பேச வசதியாக நானும் இறக்கியிருந்தேன். வழக்கம்போல் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சீவிய இடத்தில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா டீச்சர், வெளையாடுறீங்களா? அசல் தேக்கு. மூக்குல ஏறுது."

"எனக்கு ஒண்ணும் வரலயே பாய்" என்று அதை வாங்கி, நானும் ஆழமாக இழுத்துப் பார்த்தேன். கேட்டில் சாய்ந்து, அவருக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று இருமினேன்.

பாய் என்னையே பார்த்தார். பிறகு மெல்ல முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார்.

"காலையில காபி மணந்துச்சா டீச்சர்?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"இன்னிக்கே டெஸ்ட் எடுத்துடுங்க. லேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். குரலில் பதற்றமே இல்லை. அதனால் எனக்கும் இல்லை.

முடிவு வந்தது. தொற்று இருந்தது. அனோஸ்மியா (மணம் அறியும் திறன் போய்விடுவது) பலருக்குக் காய்ச்சலுக்கு முன்பே வரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நானோ அதற்கு மரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடி அறையில் தனியாக இருந்தேன். கணவர் மோகன் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் கைதட்டுவார். அந்த நாட்களில் எனக்குத் துணை குழுதான். அதிலும் ரஹீம் பாய் காலையும் மாலையும் படம் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரே பலகையை நடுவில் பிளந்து, ஆணியே இல்லாமல் மடங்குகிற மாதிரி ரெஹால் (குர்ஆனை விரித்து வைத்து ஓதும் பலகை) செய்துகொண்டிருந்தார். பிறக்கப்போகும் பேரப் பிள்ளைக்கு என்று எழுதியிருந்தார். முதலில் செய்தது மடங்கும் இடத்தில் உடைந்தது. அதையும் படம் போட்டார்.

"என்ன பாய், வீட்டை விட்டுத் தொரத்திட்டாங்களா? எந்நேரமும் ஷெட்டுலயே இருக்கீங்க?" என்று நான் கேலியாக எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

எட்டாம் நாள் விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) எண்பத்தெட்டு காட்டியது. எண்ணோடு பிழைப்பு நடத்துகிற நான், ஒரு எண் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி. தாழ்வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் இருந்தேன். கவச உடையின் மார்பில் பேனாவால் பெயர் எழுதியிருந்த இளம் மருத்துவர் வந்தார். "குப்புறப் படுங்கம்மா. எவ்ளோ நேரம் முடியுதோ அவ்ளோ நேரம். அதான் இப்ப மருந்து." புரோனிங் (குப்புறப் படுத்து நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்றுப் போக வழி விடுவது) என்று அதற்குப் பெயர். முகம் தலையணையில் புதைய, மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். நூறு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். கைபேசியை எடுக்கத் தெம்பில்லை.

பத்து நாள் கழித்து வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் மோகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ரஹீம் பாய் போய்ட்டாரு எஸ்தர். நீ இருந்த அதே ஆஸ்பத்திரிதான். முதல் மாடி."

நான் குப்புறப் படுத்து எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு நேர் கீழே அவர் இருந்திருக்கிறார். இதை நினைக்காமல் இன்றும் என்னால் குப்புறப் படுக்க முடியாது.

கழித்தல் கணக்குப் போட்டேன். அவர் என் கேட்டுக்கு வந்த நாளுக்கும் அவருக்குக் காய்ச்சல் கண்ட நாளுக்கும் நடுவே ஐந்து நாள். மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன், "என்னாலதான் அவருக்கு வந்திருக்குமா டாக்டர்?"

"அன்னிக்கு தெருவுக்குத் தெரு இருந்துச்சும்மா. அவர் காய்கறிக் கடைக்கும் போயிருக்காரு. யார்கிட்டேர்ந்துன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனதோடு சொன்னார். நான் நம்பவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு மூக்கு இன்னும் திரும்பாமல் இருக்கலாம். உங்களுக்காக இதை விவரமாகச் சொல்கிறேன். வாசனைப் பயிற்சி கொடுத்தார்கள். கிராம்பு, எலுமிச்சை, தைலம், ரோஜா நான்கையும் தினம் இருவேளை முகர்ந்து, பழைய மணத்தை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். பலருக்கு இது பலன் தருகிறது, விடாமல் செய்யுங்கள். எனக்கு நான்காம் மாதம் பரோஸ்மியா (மணங்கள் திரிந்து தெரிவது) வந்தது. வெங்காயம், காபி, மோகனின் சட்டை, எல்லாம் டயர் எரிகிற நாற்றம். உப்பும் புளிப்பும் எங்கோ தூரத்தில் இருந்தன. மரம் சீவினால் முடி பொசுங்கும் நாற்றம். இழைப்புளியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன்.

பிறகு வேறொன்று தொடங்கியது. வகுப்பில் கரும்பலகை முன் நிற்பேன், தேக்கு மணக்கும். அசலான, திரியாத மணம். ஞாயிறு ஆராதனையில் முழங்கால் போட்டிருக்கும்போது மணக்கும். சுற்றிப் பார்த்தால் இரும்பு நாற்காலிகள்தான் இருக்கும். ஃபேண்டோஸ்மியா (இல்லாத பொருளின் மணம் வருவது), பயப்பட ஒன்றுமில்லை, மூளை செய்கிற வேலை என்றார் மருத்துவர். மூளைக்கு உலகத்தில் வேறு மணமே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த மணம் வரும்போதெல்லாம் யாரோ ஒரு முழம் தூரத்தில் நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

குழுவில் விசாரித்தார்கள். வாசனை வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினேன். பொய். என் மூக்கைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது எப்படிப் போனது, முதலில் கண்டுபிடித்தது யார் என்று பேச்சு நீளும். பாயின் மனைவி ஷமீமைப் பார்க்கவும் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. திரையில் "ரஹீம் பாய்" என்று இருந்தது. என் கையிலிருந்த சிவப்புப் பேனா தாள் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. அவருடைய எண்ணிலிருந்து எழுதியிருந்தவர் ஷமீம். ஷெட்டைக் காலி செய்கிறோம், அவருடைய சாமான்கள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று குழுவுக்குப் பொதுவாக ஒரு செய்தி.

எல்லோரோடும் சேர்ந்து போக எனக்கு முகம் இல்லை. சனிக்கிழமையே போனேன்.

ஷமீம் ஷெட்டில்தான் இருந்தார். உளிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"ஷமீம், எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. அன்னிக்கு கேட்டுகிட்ட மாஸ்க்கை எறக்கிட்டு நின்னேன். பாய்க்கு என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கணும்."

"தெரியும் டீச்சர்."

உளியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு காய் வாங்கினு வந்தவரு உள்ள வரல. பையை வாசல்ல வெச்சிட்டு அங்கேர்ந்தே சொன்னாரு. 'டீச்சருக்கு மூக்கு போச்சு ஷமீம், அவங்களுக்கே தெரில. நா ஷெட்டுல இருந்துக்கறேன். ரெண்டு வாரம் யாரும் இந்தப் பக்கம் வராதீங்க'ன்னாரு. பொண்ணு நெறமாசமா இருந்தா டீச்சர் அப்ப. அதோ, அந்த மூலையிலதான் கோரைப்பாய் போட்டுப் படுத்துக்கினாரு. ஜன்னல்லதான் சோறு குடுத்தேன். எங்க யாருக்கும் வரல. கொழந்த நல்லபடியா பொறந்துச்சு."

அவர் என்னைப் பார்த்த அந்தப் பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டருகே நின்ற அந்த ஒரு நிமிடத்திலேயே அவர் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வேளையும் படம் போட்டது உற்சாகத்தில் இல்லை, தனிமையில். அவரிடம்தான் நான் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்களா என்று கேட்டேன். அவர் சிரிப்பை அனுப்பினார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஷமீம் அழவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எனக்கு உங்க மேல கோவம் டீச்சர். நோவு வந்ததுக்கு இல்ல. அது யாருக்கு வேணா வரும். இத்தினி நாளா எட்டிப் பாக்கல பாருங்க, அதுக்கு. இப்பவும் இருக்குது." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "சாப்டுட்டுப் போங்க."

மறுக்க எனக்கு உரிமை இல்லை. நெய்ச்சோறும் தாள்ச்சாவும் வைத்தார். தட்டு பக்கத்தில் வந்ததும் எரிந்த டயர் நாற்றம் குப்பென்று ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு செரியா இருக்குதா?"

சரியாக இருக்கிறது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதைத்தான் இத்தனை மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தெரியல ஷமீம். எனக்கு இன்னும் வரல. எல்லார்கிட்டயும் வந்துடுச்சுன்னு பொய் சொல்லிக்கினு இருக்கேன்."

ஷமீம் குனிந்து, என் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். நான் பதறிக் கையை நீட்டியதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"கம்மிதான்" என்று உள்ளே போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். தட்டில் தூவி, தன் கையாலேயே கலந்துவிட்டார்.

முன்பெல்லாம் மணி அடிப்பதற்குள் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். இப்போது என் நுரையீரல் அதற்கு விடுவதில்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். அந்தத் தட்டை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஷமீம் எழுந்து போகவில்லை.