பின் சீட்டு மாரியப்பன்

பள்ளிக்கூடம் விடும் நேரத்து பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர்களுக்கு நரகத்தைப் பற்றி யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வழியில் நானும் அந்தப் பாடு பட்டவன்.

கூட்டாளிகள்

வழியிலிருக்கும் இலஞ்சி ஊர்ப் பையன்கள் ஐந்தாறு பேருக்குப் பின் சீட்டுதான் ராஜ்யம். சீட்டை பிளேடால் கீறுவார்கள்; அருவிக்கு வந்த வெளியூர்க்காரர்களைக் கேலி செய்வார்கள். தலைவன் மாரியப்பன், பத்தாம் வகுப்பு. ஆனால் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் முதலில் எழுந்து இடம் விடுகிறவனும் அவன்தான். "ஏலே, உன்னைய நல்லவன்னு சொல்லவா, கெட்டவன்னு சொல்லவா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கூட்டாளிய விட்டுக்குடுக்க மாட்டேன், அம்புட்டுதான்."

கல்

ஆனி மாதச் சாரல். கூட்டம் பிதுங்கியதால் அந்தப் பையன்களை ஏற்றாமலே வண்டியை எடுத்தோம். ஆத்திரத்தில் அவர்களில் ஒருவன் கல்லை விட்டான். கண்ணாடி உடைந்து, ஒன்பதாவது படிக்கும் ராசாத்தியின் நெற்றியில் ரத்தம்.

தலைமையாசிரியர் பிரம்பால் விளாசியும் மாரியப்பன் வாய் திறக்கவில்லை. எறிந்தது அவனில்லை என்று படியில் நின்று பார்த்த நானே போய்ச் சொன்னேன். "அப்போ யாரு?" என்றார். அந்த நெரிசலில் எனக்கு அது தெரியவில்லை.

மறுவாரம் நெற்றியில் கட்டோடு பஸ் ஏறிய ராசாத்தி, நேராகப் பின் சீட்டுக்குப் போய் மாரியப்பன் முன்னால் நின்றாள்.

"நீ காட்டிக்குடுக்க வேண்டாம். அவன் கல்லை எடுக்கையில கையைப் புடிச்சிருக்கலாம்லா?"

முன் சீட்டு

அதன்பிறகு ஒருநாள் மாரியப்பன் கூட்டாளி கையிலிருந்த பிளேடைப் பிடுங்கி வெளியே வீசினான். இன்னொரு நாள், குளித்துவிட்டு வந்த பெண்களைப் பார்த்துச் சீட்டியடித்தவனை அதட்டினான். அவ்வளவுதான். கூட்டாளிகள் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள்.

சீட்டுகள் தப்பித்ததில் பஸ் முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ வண்டியே வெறிச்சென்று இருந்தது. மாரியப்பன் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்காருவான். பள்ளிக்கூடத்து ஸ்டாப்பிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, அவர்கள் நிற்கிறார்களா என்று பார்ப்பான். ஒரு சாயங்காலம், தூறலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, அவனுவ எப்பவாச்சும் என்னைய பத்திக் கேட்டானுவளா?"

எத்தனையோ பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்; திருந்திவிட்ட அந்தப் பயலுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆளைத்தான் என்னால் ஏற்ற முடியவில்லை.