அத்திபெலேயில் உறைந்த திரையும் மரிக்கொழுந்துத் தைலமும்

2007 மார்ச்சில் நான் அத்திபெலேக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு மரிக்கொழுந்துத் தைல ஆலையில், தழை வடிக்கும் மூன்று அண்டாக்களில் ஒன்றுக்கு, நீராவியைக் கணினியால் கட்டுப்படுத்தும் அமைப்பை எங்கள் சிறு நிறுவனம் பொருத்தியிருந்தது. நிறுவனம் என்றால் நானும் ஒரு நண்பனும்தான். அன்று முதல் முழு வடிப்பு. சரியாக வந்தால் மற்ற இரண்டு அண்டாக்களின் வேலையும் எங்களுக்கு; தவறினால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் முதலாளி. இதே போன்ற வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்னை ரயிலிலிருந்து கண்டோன்மென்ட்டில் இறங்கி, ஆட்டோவில் மடிவாளா. அங்கிருந்து அத்திபெலே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஆறரை மணிப் பேருந்து நல்லது, அதற்குப் பிறகு கம்பெனி வண்டிகள் சாலையை அடைத்துவிடும். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முன்னால், கட்டி முடியாத மேம்பாலத் தூண்கள் விடியல் தூசியில் மிதப்பதுபோல் நின்றன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

அத்திபெலேயில் ஷேர் ஆட்டோக்காரரிடம் வழி கேட்டேன். "தவனா ஃபேக்டரியா? மூக்கே வழி காட்டும், உக்காருங்க சார்," என்றார். மரிக்கொழுந்துக்கு அங்கே தவனா என்று பெயர். ஐந்து ரூபாய். காய்ந்த மரிக்கொழுந்து வாசம் சாலைவரை வந்திருந்தது.

அண்டாவை ஓட்டுபவர் பிலோமினாக்கா. பிரேசர் டவுனில் பிறந்தவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். முந்தைய ஆண்டு, கைச்சக்கரத்தால் நீராவியைத் திறந்தபோது அது எகிறி, அவருடைய வலது முன்கை வெந்திருந்தது. தழும்பு இன்னும் பளபளத்தது.

அமைப்பு எளிதுதான். அண்டாவிலுள்ள வெப்ப, அழுத்த உணரிகளின் கம்பிகள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கணினி அறையில் உள்ள பெட்டிக்கு வரும். அங்கே ஒரு மின்னணு அட்டை அவற்றை எண்களாக்கிக் கணினிக்குத் தரும். கணினிக்குள் இரண்டு மென்பொருள்கள். அடியில் ஓடுவது அந்த எண்களைப் பார்த்து நீராவி வால்வைத் திறக்கும், மூடும். மேலே ஓடுவது அண்டாவின் படத்தைக் காட்டும், அவ்வளவே. மேலே இருப்பது விழுந்தாலும் அடியில் இருப்பது ஓட வேண்டும். அதுவும் நின்றால், தனியான காவல் சுற்று ஒன்று நீராவியை அடைத்துவிடும். இதையெல்லாம் மேசையில் சோதித்திருந்தேன். ஆவி நிறைந்த அண்டாவில் இல்லை.

முற்பகலில், திரையில் நீல ஆவி மெல்ல ஏறும் படத்தில் நான் லயித்திருந்தபோது பிலோமினாக்கா சொன்னார்: "சார், நம்பர் நவுரவே இல்லியே."

சுட்டியை அசைத்தேன். திரை உறைந்திருந்தது. கணினியை மறுபடி தொடக்கினால் இரண்டு மென்பொருளும் சேர்ந்தே நின்றுவிடும். அவர் கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் நீராவி அடைபடும். பாதி வெந்த தழை நனைந்து வீணாகும்.

"அக்கா, நீங்க பட்டன்கிட்டயே நில்லுங்க. நான் வால்வுகிட்ட போறேன். நான் கை தூக்குனா அமுக்கிடுங்க."

"சும்னே ஹீரோ ஆவாதீங்க சார்."

போனேன். வால்வின் தண்டு அசையாமல் நின்றது. பிறகு தண்டு ஒரு நூலளவு இறங்கியது. நின்றது. ஏறியது. தூங்கும் குழந்தையின் வயிறு போல. அடியில் இருக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் பிலோமினாக்கா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூக்கவில்லை.

மாலை வரை அப்படியே. இடையிடையே அவர் வந்து தண்டைப் பார்ப்பார், நான் பொத்தான் பக்கம் போவேன். வாசமும் வெயிலும் கலந்து, நேரமே கரைந்துபோனது. கடைசியில் பிரிகலனில் தண்ணீர்மேல் தேன் நிறத்தில் தைலம் மிதந்தது. அவர் முகர்ந்து பார்த்து, "கருகல," என்றார்.

மற்ற அண்டாக்களும் எங்களுக்கே வந்தன, பிலோமினாக்காவின் நிபந்தனையோடு. "படம் செத்துப்போனா அந்தப் படத்துலயே எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார் அவர். எனவே கணினியைச் சாராத, அழுத்தம் காட்டும் முள் மானி ஒன்றை அவர் கண்ணெதிரே பொருத்தினோம். நீங்களும் முதலில் அதைப் பொருத்துங்கள். நண்பகல் உணவை அத்திபெலேயிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆலை அருகே கடை இல்லை. மாற்றுச் சட்டை கொண்டுபோங்கள், ஆனால் மரிக்கொழுந்து வாசம் ஏறிய சட்டையைத் திரும்பும்போது மாற்றாதீர்கள். நெரிசலான பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் சாய்ந்து, மடிவாளா வரை நிம்மதியாகத் தூங்கினார்.