மூன்று கிலோ சக்களத்தி

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி வேலை செய்பவர்கள் வளவளவென்று பேசக்கூடாதாம். கீழே இருப்பவன் "போகுது" என்பான், மேலே இருப்பவன் "நிக்குது" என்பான், அவ்வளவுதான். நடுவில் ஒரு வார்த்தை கூடினால் யாருக்காவது கை போய்விடும். அந்தப் பழக்கத்தை அவர் கருவிப் பெட்டியோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்." "உப்பு சரியா இருக்கா?" என்றால் "ம்." நான் பல் டாக்டர் கிளினிக்கில் வருபவர்களுக்கு டோக்கன் கொடுப்பவள். பகல் முழுக்க ஊர் வாயைத் திறக்க வைக்கிற இடத்தில் வேலை. இவர் வாயை மட்டும் இருபத்தெட்டு வருடமாகத் திறக்க முடியவில்லை.

சரி, அவர் சுபாவம் அது என்று நானும் விட்டுவிட்டேன். கடுகு வரும்வரை.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. விடுதியில் நாய் கூடாது என்றார்கள். தன் டாய் பூடிலை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். மூன்று கிலோகூட நிறையாத, பழுப்புச் சுருட்டை முடிக்காரி. கடுகு என்று பெயர் வைத்தது மகள்தான். காரம் எனக்குத்தான் தெரிந்தது.

இந்த ஜாதிக்கு முடி கொட்டாது, வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் சிக்கு விழும். காதுக்குள் முடி வளரும், கண்ணோரம் நீர் கசியும், பல்லில் சீக்கிரம் காரை கட்டும். உயரத்திலிருந்து குதித்தால் முட்டிச் சில்லு நழுவிவிடும். ஒரு வேளை பட்டினி போட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். இத்தனையையும் இவர் மனப்பாடம் செய்துவிட்டார். என் பிறந்தநாளை ஒரு முறையாவது நினைவு வைத்திருப்பாரா? கேட்காதீர்கள்.

ஒரு நாள், "கிளினிக்ல சின்ன பிரஷ் இருக்குமா? ரொம்ப மெத்துனு" என்று கேட்டார். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை! என் ஈறு வீங்கியிருந்ததைக் கவனித்துவிட்டார் என்று உருகிப்போய் வாங்கி வந்தேன். மறுநாள் அது கடுகின் வாய்க்குள் இருந்தது.

காலை ஆறு மணிக்கு வாஷிங் மெஷின் மேல் ஒரு துண்டை விரிப்பார். மகாராணி அதில் நிற்பாள். அவர் சீவத் தொடங்குவார். பேச்சும் தொடங்கும்.

"அம்மாடி, அந்தக் காதைக் காட்டு. நேத்து என்ன ஆச்சு தெரியுமா? மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல ஒரு வாத்தியார் மாட்டிக்கிட்டார். உள்ளேருந்து எனக்கே பாடம் எடுக்குறாரு!"

சமையலறையில் நின்று, குழாயை மூடிவிட்டு, நான் அதை ஒட்டுக் கேட்டேன். என் புருஷன் சேதியை ஒரு நாய் மூலம் தெரிந்துகொள்ளும் நிலைமை. வயிறு எரிந்தது என்றால் சும்மா எரியவில்லை, திகுதிகுவென்று எரிந்தது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "டூட்டி" என்றால் அவருடைய சாக்ஸ், "கடை" என்றால் செருப்பு, மாற்றாமல் எடுத்து வருவாள். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போதே உள்ளே அவர்தான் என்று தெரிந்து வாசலுக்கு ஓடுவாள். நான் வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். கரையான் புற்றெடுக்க, பாம்பு குடியேறிய கதைதான்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் மோட்டார் அறையில் ஒரு சர்வீஸ் கார்டு தொங்குமாம். இவர் கடுகுக்கும் அப்படி ஒன்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். பல், காது, கண், முட்டி, நகம், எடை. ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, கையெழுத்து. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணைக் குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நானும் ஒரு கார்டு எழுதி அதன் பக்கத்தில் ஒட்டினேன். 'மனைவி. ஓடும் காலம் இருபத்தெட்டு வருடம். கடைசியாகப் பார்த்த தேதி:'

குத்திக்காட்டத்தான் எழுதினேன். ஆனால் இந்த மனிதருக்குக் கிண்டல் என்றைக்குப் புரிந்தது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, தேதிக் கட்டத்தில் நிதானமாக எழுதினார். 'பதிவு இல்லை.'

"பதிவு இல்லையா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, பதிவு இல்லையா?"

"பாக்காததைப் பாத்தேன்னு எழுதக்கூடாது. லிஃப்ட்ல ஆள் போறாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தானும் சோபாவில் உட்கார்ந்தார். கடுகு அவர் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

"சொல்லு. எங்கெங்க கோளாறு?"

"இடது முட்டி. படி ஏறினா வலிக்குது." எழுதினார். "ஈறு. அப்பப்ப வீங்குது." எழுதினார்.

"வேற?"

"மக போனதுலேருந்து இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட பேசுறதில்ல."

பேனா நின்றது. கார்டை மேலும் கீழும் பார்த்தார். "இதை எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பேனாவைப் பிடுங்கிக் கார்டைத் திருப்பினேன். "அதை விடுங்க. இப்ப நான் எழுதுறேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"வலது தோள். கை தூக்கினா சுளீர்ங்குது."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். குழிக்குள்ள மேல ஏறக் கூப்பிட்டா இப்பல்லாம் பயமா இருக்கு. பிடி விட்டுருமோன்னு."

ரெண்டு வருடம்! தினமும் பக்கத்தில் படுக்கிறேன். அந்தச் சட்டையைத் துவைக்கிறேன். இவர் பேசவில்லை என்று குறைபட்டுக்கொண்டேனே தவிர, ஒரு நாளாவது அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தேனா?

"ஏங்க இதை யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே," என்றார். "கடுகுகிட்ட."

எழுந்தேன். அந்தக் கோபத்திலும் அவளை இரண்டு கையாலும் ஏந்தித்தான் தரையில் இறக்கினேன், குதித்தால் முட்டி போய்விடும். அவள் இருந்த இடம் சூடாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லுங்க," என்றேன். "அவகிட்ட சொன்ன மாதிரியே. ஒண்ணு விடாம."