ஆம்பூர் நடைமேடையில் பவளப்பாறைச் சேதி

"தண்ணி சூடு ஜாஸ்திம்மா, பவளம் வெளுக்குது. கொஞ்ச நாள் படகு விடாதீங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

நேற்றைய தேதியிட்ட இந்தக் குறுஞ்செய்தியை, ஆம்பூர் நடைமேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கலா காட்டுகிறார். ஷூ கம்பெனியில் தையல் வேலை அவருக்கு. மகள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பவளப்பாறைகளை ஆராய்கிறாள். போன கோடையிலும் இப்படித்தான் எழுதினாள். பதில் வருவதற்குள் சுற்றுலாக் காலமே முடிந்துவிட்டது. இம்முறையாவது கடல் பூங்கா அலுவலகம் கேட்குமா என்று கலா கைபேசியைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

"பவளம் மோதரத்துல வைக்கிறதுதானே? அதுக்கு இன்னாக்கா ஆச்சு?" என்கிறார் டீ விற்பவர்.

"அதுக்கு உயிர் இருக்குதுப்பா. சூடு தாங்காம வெளுத்துப் போவுது."

கைபேசி அடிக்கிறது; மகள்தான். எடுத்துப் பேசும் கலா, பேச்சின் நடுவிலேயே எழுந்து நிற்கிறார். பேசி முடித்து என் பக்கம் திரும்புகிறார்.

"நிறுத்திட்டாங்களாம் சார். நாளையிலேர்ந்து டூரிஸ்ட்டுங்க பவளம் பாக்கப் போற கண்ணாடிப் படகு அந்தப் பக்கம் போவாதாம். எங்க லைன்ல செக்கிங் பண்றவங்க பாஸ் பண்ணாம ஒரு ஜோடி ஷூ வெளிய போவாது. அங்க இப்ப எம்பொண்ணு பாஸ் பண்ணாதான் படகு போவும்."

டீக்காரர் தரும் மீதிச் சில்லறையை அவர் வாங்க மறக்கிறார். என் ரயில் வருகிறது.

பூங்கா அலுவலகத்தின் ஆணையை நான் பார்க்கவில்லை. தாய் சொன்னதை இன்றைய தேதியிட்டு எழுதுகிறேன். நாளை படகுகள் நிற்கின்றனவா என்பதை இனிமேல்தான் சரிபார்க்க வேண்டும்.