விளங்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன்

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் ஆட்கள் தங்கள் குடும்பங்களை டென்மார்க்குக்கு அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை அந்த நாட்டு நீதி அமைச்சு கிடப்பில் போட்ட விவகாரம் பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. நான் அங்கே வைலே நகரில் உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பிள்ளை. சந்தேகம் கேட்டால் தமிழருக்கு மூளை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயே திறக்கமாட்டேன். மற்றவர்கள் கூடியிருந்து படிக்க, நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வரி வரியாகப் பாடமாக்குவேன். எழுத்துப் பரீட்சைகளில் நல்ல புள்ளிகள் கிடைத்தன. மருத்துவம் படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

இரசாயனவியல் வாய்மொழிப் பரீட்சைக்கு ஒத்திகை நடந்தது. நான் கடகடவென்று ஒப்புவிக்க, ஆசிரியர் இடையில் "ஏன்?" என்றார். பக்கத்தின் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினேன். இப்படியே போனால் மருத்துவப் படிப்பை மறந்துவிடு என்றார்.

ஒரு வருடத்துக்கு எங்கள் வகுப்புக்கு வந்திருந்த கறுப்பின அமெரிக்க மாணவி, வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டேனிஷும் ஆங்கிலமும் கலந்துதான் கதைப்போம்.

"நீ என்ன, கசெற்றோ? நிப்பாட்டினா முதல்ல இருந்து பாடுறாய்!"

எனக்குக் கோபம் வந்தது. அவள் விடவில்லை.

"எனக்கும் இந்த வருத்தம் இருந்தது. சிக்காகோவில கெட்டிக்காரர் வகுப்பில நான் மட்டும்தான் கறுப்பு. கேள்வி கேட்டா எங்கட சனத்தையே குறைவா நினைப்பினம் எண்டு தனியப் படிச்சன். கணக்கில பெயிலாகிக் குண்டடிச்சன்!"

"பிறகு?"

"சிநேகிதியளைச் சேர்த்தன். விளங்காததை ஆளாளுக்குச் சத்தமாச் சொல்லவேணும். அதுதான் சட்டம்."

மறுநாளே எங்கள் குசினிச் சாப்பாட்டு மேசையில் அந்தச் சட்டம் அமுலுக்கு வந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் "ஏன்?" என்று குடைவாள். சூத்திரங்கள் அவள் தலையில் நிற்காது. அவற்றைப் பாடமாக்க நான் அவளைப் பழக்கினேன். "உங்கட ஏன், ஏன் எண்ட சத்தத்தில ரீவி கேக்கேல்லைப் பிள்ளையள்!" என்று அப்பா கத்துவார்.

பரீட்சையன்று, வெளியிலிருந்து வந்த பரீட்சகர் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "இது எனக்கு விளங்கவில்லை. ஆனால் இதுவரை தெரியும், இங்கிருந்து யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு படியிலும் ஏன் என்று என்னையே கேட்டேன். விடை வந்தது. நல்ல புள்ளியும் வந்தது.

இப்போது ஒடென்சே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறேன். வாயை மூடித்தான் எங்கள் சனத்தின் மானத்தைக் காக்கவேண்டும் என்று நம்பியவள் நான். இன்று விரிவுரை மண்டபத்தில் சந்தேகம் கேட்க முதலில் உயர்வது என் கைதான், அதில் எனக்குப் பெருமைதான்.