வேகம் தளர்ந்த வெள்ளைக் குள்ளன்

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானியல் ஆய்வுப் படிப்பின் கடைசி வருடம். நான்கு நாள் லீவில் வந்தவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். வாய்க்கால் கரை உடைந்து வயலும் சாலையும் ஒரே தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வீட்டில் நானும் அக்காவும்தான். நிலத்தைப் பார்ப்பது அவள். நட்ட சம்பா முழுவதும் முழுகிக் கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் லேப்டாப் அணைந்துபோனது. நோட்டில் குறித்து வைத்திருந்த எண்களையாவது கிராஃப் தாளில் போடலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாசிக்க அக்காவைக் கூப்பிட்டேன். சும்மா இருப்பதற்கு அதுவே மேல் என்று வந்தாள்.

என்ன எண்கள் என்று கேட்டாள். ஒரு நட்சத்திரம் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற எடுக்கும் நேரம், வருடவாரியாக என்று சொன்னேன். அது காந்தம் மிகுந்த ஒரு வெள்ளைக் குள்ளன். எரிந்து முடிந்து செத்துப்போன நட்சத்திரம், பூமி அளவுதான் இருக்கும். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வந்து விழும் வாயு தள்ளிவிடுவதால் வருடத்துக்கு வருடம் சுழலும் வேகம் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். அதில் ஒரு நொடியின் மிகச் சிறிய துணுக்கு மட்டும் ஆண்டுதோறும் குறையும்.

அக்கா வாசித்தாள், நான் புள்ளி வைத்தேன். வெளியே தவளைச் சத்தம்கூட இல்லை. புள்ளிகள் ஒழுங்காகக் கீழே இறங்கின. கடைசிச் சில வருடங்களின் எண்களை ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதியிருந்தேன், ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. அங்கே வந்ததும் அக்கா நிறுத்தினாள்.

"இங்கேருந்து கூடுதுடி."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சுழலும் நேரம் நீண்டுகொண்டிருந்தது. யாரோ பிடித்து நிறுத்துவதுபோல் அது தளர்ந்துகொண்டிருந்தது. தப்பாகத்தான் இருக்கும் என்று நானே வாசித்து மறுபடி போட்டேன். புள்ளிகள் அதே இடத்தில் திரும்பி மேலே ஏறின.

"எது பிடிச்சு இழுக்குது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

வருகிற வாயு குறைந்திருக்கலாம், அப்போது அதன் காந்தமே அதற்குப் பிரேக் ஆகிவிடும் என்றேன். ஆனால் ஏன் குறைந்தது என்று தெரியாது என்றும் சொன்னேன். இங்கே வந்து சேர்ந்திருப்பதே பல நூறு வருடத்துக்கு முந்தைய வெளிச்சம், இப்போது அது எப்படிச் சுற்றுகிறதோ யாருக்கும் தெரியாது என்றதும் அவள் எழுந்துகொண்டாள்.

"அந்தத் தாளை உள்ள வையி. பார்க்க என்னமோ மாதிரி இருக்கு."

மறுநாள் சிக்னல் வந்ததும் என் பேராசிரியருக்கு எழுதினேன். கணக்கில் பிழையில்லை, வேறொரு குழுவும் இதையே பார்த்திருக்கிறது என்றார். அதுவே என் ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமாயிற்று. அக்கா தண்ணீர் வடிந்தபின் பாதி வயலை மறுபடி நட்டாள். இப்போதும் போன் செய்தால் எடுத்தவுடன், "அது இப்ப எப்படிடி சுத்துது?" என்றுதான் கேட்பாள். இன்னும் தளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல்கிறேன்.