தறிக்குழியில் வைத்த சுங்கான் புகையிலை

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரச் சாமியார் வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் சுங்கான் என்னும் புகைக்குழாயைத் தொடமாட்டார். தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று புகையிலை டப்பாவை என்னிடம் ஒப்படைப்பார். ஈஸ்டரான உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு இந்தப் பெருமை கிடைத்ததற்குக் காரணம் என் நாணயமல்ல. "உமக்கு மட்டுமே புகைப் பழக்கம் இல்லை. ஆகையால் வேறு வழியும் இல்லை" என்று அவரே சொல்லிவிட்டார். அவர் பேசுவது எப்போதும் புத்தகத் தமிழ்தான்.

அது சண்டைக் காலம். அவருடைய தேசத்தைப் பகைவர்கள் பிடித்துவிட்டார்கள். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அதற்கு முன்பு அவருடைய தங்கை அனுப்பிய கடைசி டப்பா அது. கொடுக்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து விரல்களால் அழுத்திக் காட்டினார். "பிடித்தால் ஒன்றாகக் கூட வேண்டும், விட்டால் மெல்லப் பிரிய வேண்டும். ஈரம் மிகுந்தால் சுங்கான் களகளவென்று கொதித்து நாக்கைச் சுடும். உலர்ந்தால் வைக்கோல்போல் எரிந்து நாக்கைக் கடிக்கும்."

நான் தலையாட்டினேன். என் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம். வீட்டைச் சுற்றிப் புகையிலைக் காடு. எனக்கே பதம் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

அந்தப் புகையிலைக்கு உலர்ந்த திராட்சையும் பழைய மர அலமாரியும் கலந்தாற்போல் ஒரு வாசனை. அதை முகர்ந்து பார்க்க ஒருநாள் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். விளிம்பு வளைந்துவிட்டது. மறுநாள் சுலபமாகத் திறந்ததை என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். தினமும் ஒரு தடவை முகர்ந்தேன். பங்குனி வெயிலும் அந்த இடுக்கு வழியாகத் தினமும் முகர்ந்துகொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை டப்பாவை அசைத்தபோது உள்ளே சலசலத்தது. ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தினேன். பொடியானது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது புகையிலைங்களா, கடலைத் தோலுங்களா?"

"சாமியாரோட தங்கச்சி அனுப்புனது" என்றேன்.

"அப்ப அந்தத் தங்கச்சிக்கே ஒரு காயிதம் எழுதிப் போடுங்க."

மாட்டிக்கொள்ளும்போதுதான் எனக்கு அறிவு பொங்கும். மெல்லும் புகையிலைக்கு எங்கள் ஊரில் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். பரம்பரை வித்தை இருக்கும்போது பயம் எதற்கு? டப்பாவில் கால்வாசியைத் தட்டில் கொட்டினேன், கருப்பட்டியைக் கரைத்துத் தெளித்தேன், நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது தட்டு நகர்வதுபோலத் தெரிந்தது. அத்தனையும் எறும்பு. எறும்புகளுக்குத் தபசு காலம் கிடையாது போலும்.

அந்த வரிசை சுவரேறி அடுத்த வீட்டுக்கும் போய்விட்டது. நாங்கள் குடியிருந்தது அம்மாபேட்டையில். அடுத்த வீட்டில் தறி. என்னைவிடப் பத்து வயது மூத்த நெசவாளி வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, உங்கூட்டு எறும்பு எம்பட பாவு நூலுல ஏறுதுங்க. கஞ்சி போட்ட நூலு. என்னத்தக் கரைச்சு வெச்சீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, ஆனால் அவர் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார், அதனால் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

"நீங்க புள்ளைங்களுக்குப் பாடம் வேற சொல்லித் தாறீங்க" என்றார். "வெயில் காலத்துல நூலு காஞ்சு அறுந்து போகுது. அதுக்காக நூலு மேல தண்ணிய ஊத்துவனா? தறிக்குக் கீழ இருக்கற குழி மண்ணை நனைச்சு உட்டா ஈரம் தானா மேல ஏறிக்கும். இலைக்குத் தண்ணி காட்டாதீங்க. ஈரக் காத்தக் காட்டுங்க."

மிச்சம் முக்கால்வாசியை ஒரு முறத்தில் பழைய வேட்டித் துணி விரித்து மெலிதாகப் பரப்பினோம். தறிக்குழிக்குள், அவர் கால் மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கயிற்றில் தொங்கவிட்டார். அவருக்குப் புகையிலை ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மிதியை மிதிப்பார், நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார், தும்முவார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்து எங்க வெப்பீங்க? மறுபடியும் எறும்புக்கா?"

புதனும் வியாழனும் மணிக்கொரு தரம் போய் அழுத்திப் பார்த்தேன். வியாழன் மாலை நுனி மட்டும் வளைந்தது. உடனே என் அறிவு மறுபடி பொங்கிற்று. பெரிய வெள்ளியன்று அவர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, காரியம் துரிதமாகட்டும் என்று ஒரு குடம் தண்ணீரைக் குழியில் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பி வந்து குழியில் கால் வைத்தவர் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நான் தறி ஓட்டறதா, தவளை வளத்தறதா?"

சனிக்கிழமை காலையில் புகையிலை சொதசொதத்துக் கட்டியாக ஒட்டியது. மறுநாள் பூசை. அவர்தான் தறியை நிறுத்திவிட்டு, முறத்தை நிழலில் வைத்து, விரலால் கோதிக் கோதி ஆற்றினார், தும்மலுக்கு நடுவே. கூலி நெசவு செய்கிற மனிதர். அந்த அரை நாள் அவருக்கு நஷ்டம். மத்தியானம் ஒரு சிட்டிகையை என் உள்ளங்கையில் வைத்தார். அழுத்தினேன், கூடியது. விட்டேன், சோம்பல் முறிப்பதுபோல மெல்லப் பிரிந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அப்போது கும்பிடவில்லை, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைத் தட்டி நிமிர்த்தி, விளிம்பைச் சுற்றி ஈரத் துணி கட்டினேன்.

ஞாயிறன்று சாமியார் திறந்ததும், "எஞ்சிய கால் பங்கு எங்கே?" என்றார்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்யாத சாதியில் பிறந்தவன் நான். ஆனாலும் எறும்பு முதல் தவளை வரை ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தினார். விட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நெசவாளர் வீடு எங்கே?"

வெள்ளை அங்கியோடு தெருவில் நடந்து வந்து தறிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நெசவாளி பதறி எழப் போனார். "இருங்கள், எழ வேண்டாம்" என்று சாமியார் கையமர்த்தி, மடியில் வைத்துச் சுங்கானை நிரப்பினார். நாற்பது நாள் காத்திருந்த விரல்கள் அவசரப்படவில்லை. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

களகளவென்ற சத்தம் இல்லை. நாக்கைச் சுட்டதாகவும் தெரியவில்லை. சீரான நீலப் புகை பாவின் மேலாகப் போயிற்று. அவர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.

"என் தங்கை வீட்டுச் சமையலறையின் மணம்" என்றார்.